பிறர் மனம் புரியும் பிள்ளை: மடியும் பேச்சும் பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வயதுப் பிள்ளையோடு ஒளிந்து விளையாடியவர்களுக்கு இது தெரியும். கூடத்தின் நடுவில் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நான் எங்க இருக்கேன், கண்டுபிடி!" என்று கத்தும். தான் பார்க்காவிட்டால் நாமும் பார்க்க முடியாது என்பது அதன் கணக்கு. அதே பிள்ளை ஐந்து வயதில் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. செருப்பை வேண்டுமென்றே பக்கத்து வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்து நம்மை அலைய வைக்கிறது. இடைப்பட்ட இரண்டு வருடத்தில் பிள்ளை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது. ஒவ்வொருவர் மனத்திலும் தனித்தனி ஆசையும் எண்ணமும் உண்டு, அவை என்னுடையதைப் போல இருக்க வேண்டியதில்லை, உண்மையாகக்கூட இருக்க வேண்டியதில்லை என்பதுதான் அது.

இந்தப் புரிதல் வயதானால் தானாக வந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலான பிள்ளைகள் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார்கள் என்பது சரிதான். ஆனால் எவ்வளவு சீக்கிரம் வருகிறார்கள், கோபம் வரும் நேரத்திலும் சண்டை நடுவிலும் அதைப் பயன்படுத்துகிறார்களா என்பதில் வீட்டுப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகள் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பாலர் வகுப்பு எடுக்கிற ஆசிரியை. என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அம்மா ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, அப்பா லோரி ஓட்டுகிறார், பகலில் பார்த்துக்கொள்வது இன்னும் ரப்பர் தோட்டத்திலேயே இருக்கும் பாட்டி. அந்த வீடுகளை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பொம்மை வாங்க வேண்டாம், வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று கவனித்து, அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

தொடங்குவதற்கு முன்: எந்த வயதில் எது

இது தெரியாவிட்டால் இரண்டு வயதுப் பிள்ளையிடம், "பாப்பாவுக்கு வலிக்கும்னு உனக்குத் தெரியாதா?" என்று கத்திக்கொண்டிருப்போம். அதற்கு நிஜமாகவே தெரியாது.

முதலில் புரிவது ஆசை. 1997-இல் பெட்டி ரெப்பாக்கோலியும் அலிசன் கோப்னிக்கும் ஓர் அழகான சோதனை செய்தார்கள். பிள்ளையின் முன்னால் இரண்டு கிண்ணம். ஒன்றில் பிஸ்கட், இன்னொன்றில் பச்சை புரோக்கோலி. ஆய்வாளர் பிஸ்கட்டைத் தின்று முகத்தைச் சுளித்தார், புரோக்கோலியைத் தின்று ரசித்தார். பிறகு கையை நீட்டிக் கேட்டார். 14 மாதப் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே எடுத்துக் கொடுத்தார்கள். 18 மாதப் பிள்ளைகள் அவருக்குப் பிடித்த புரோக்கோலியைக் கொடுத்தார்கள். நான்கே மாத இடைவெளி!

எண்ணங்கள் புரிய இன்னும் காலம் எடுக்கும். ஹென்றி வெல்மனும் டேவிட் லியூவும் 2004-இல் இதை வரிசைப்படுத்தினார்கள். ஆளுக்கு ஆள் ஆசை வேறு என்பது முதலில். நினைப்பும் வேறு என்பது அடுத்து. பார்க்காதவருக்குத் தெரியாது என்பது அதற்கும் அடுத்து. ஒருவர் தவறான ஒன்றை உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கலாம் என்பது நான்கு வயதை ஒட்டி வருகிறது. உள்ளே அழுகையை வைத்துக்கொண்டு வெளியே சிரிக்க முடியும் என்பது கடைசி. இது அமெரிக்கப் பிள்ளைகளின் வரிசை. சீனப் பிள்ளைகளிடம் 2006-இல் பார்த்தபோது இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறியிருந்தன. அங்கே 'தெரியும், தெரியாது' முன்னால் வந்தது. நம் வீடுகளும் அந்தப் பக்கம்தான் சாயும் என்பது என் எண்ணம். "தெரியுமா? டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்களா?" என்றுதானே ஓயாமல் கேட்கிறோம். "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்பது குறைவு.

தவறான நம்பிக்கையைச் சோதிக்கும் முறையை 1983-இல் ஹைன்ஸ் விம்மரும் யோசெஃப் பெர்னரும் உருவாக்கினார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்பது அவர்கள் நினைப்பு.

பிள்ளை முதல் முறையாகத் திட்டமிட்டுப் பொய் சொல்வதும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். வாயோரம் ஒட்டிக்கொண்டிருக்க, "நான் சாக்லேட் சாப்பிடல" என்று சொன்னால் அதிர்ச்சி அடையாதீர்கள். உங்கள் மனத்தில் தான் ஓர் எண்ணத்தை விதைக்க முடியும் என்று பிள்ளைக்குப் புரியத் தொடங்கிவிட்டது. கண்டிக்க வேண்டியதுதான், பயப்பட வேண்டியதில்லை.

படி 1: பிள்ளைக்கு யார் மடி என்று உறுதி செய்யுங்கள்

பேச்சைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மடியைப் பற்றிப் பேச வேண்டும். பயத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நேரம் இருக்கும், பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என்று யோசிக்க இருக்காது. நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும், கேட்கும், விளையாடும்.

இதை விளக்கியவர் பிரிட்டனின் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. களத்தில் போய்ப் பார்த்தவர் மேரி எயின்ஸ்வர்த். அவர் 1954-55-இல் உகாண்டாவில் கம்பாலாவைச் சுற்றியிருந்த கிராமங்களில் தாய்மார்களையும் பிள்ளைகளையும் அவர்கள் வீட்டிலேயே போய்க் கவனித்தார், பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் கவனித்தார். பிள்ளை தரும் சைகையை அம்மா கவனிக்கிறாரா, சரியாகப் புரிந்துகொள்கிறாரா, தாமதிக்காமல் பதில் தருகிறாரா என்பதில்தான் ஒட்டுதலின், அதாவது பிள்ளை தன்னைப் பார்த்துக்கொள்பவரிடம் வைக்கும் பாசப் பிணைப்பின், தரம் இருக்கிறது என்றார். பிள்ளையோடு எத்தனை மணி நேரம் இருக்கிறோம் என்பதைவிட, இருக்கும் நேரத்தில் அதன் மனத்தைப் படிக்கிறோமா என்பது முக்கியம்.

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இது ஆறுதலான செய்தி. நம் நாட்டில் 2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 98 நாள், அப்பாவுக்கு 7 நாள். அதற்குப் பிறகு மூன்று மாதப் பிள்ளை பாட்டியிடமோ தாஸ்கா என்ற பிள்ளைகள் காப்பகத்துக்கோ போகிறது. பிள்ளை ஒருவரிடம் மட்டும்தான் ஒட்டும் என்பதில்லை, அம்மாவிடமும் பாட்டியிடமும் அப்பாவிடமும் ஒட்ட முடியும். ஆனால் அந்த ஆட்கள் வாரத்துக்கு வாரம் மாறக் கூடாது. திங்கள் அத்தை, செவ்வாய் பக்கத்து வீட்டு அக்கா, புதன் வேறு யாரோ என்று இருந்தால் பிள்ளை யாரையும் படிக்கக் கற்றுக்கொள்ளாது. யாரும் அதைப் படிக்கவும் முடியாது.

இன்னொரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காலை ஷிப்டுக்குப் போகும்போது பிள்ளை அழும் என்று, பாட்டி அதைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கோழியைக் காட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா முன்வாசல் வழியாக மோட்டார் ஏறிவிடுவது. பால்வெட்டுக்குப் போன காலத்திலிருந்து தோட்டத்தில் இதுதான் வழக்கம். அந்த நேரத்து அழுகை தவிர்ந்துவிடும். ஆனால் அம்மா எந்த நேரமும் சொல்லாமல் மறைந்துவிடக்கூடும் என்பதைப் பிள்ளை படித்துக்கொள்கிறது. பிறகு பாத்ரூமுக்குப் போனால்கூட முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரும்.

சொல்லிவிட்டுப் போங்கள். அதுவும் பிள்ளைக்குப் புரியும் நேரக் கணக்கில்: "அம்மா வேலைக்குப் போறேன். நீ பாட்டிகூட பசியாறு, அப்புறம் தூங்கு. எந்திரிச்சு மைலோ குடிக்கிற நேரத்துல அம்மா வந்திடுவேன். நான் போறது உனக்குப் பிடிக்கல, தெரியுது. எனக்கும் உன்ன விட்டுட்டுப் போகக் கஷ்டமாத்தான் இருக்கு." அழும். அழட்டும். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொள்ளப் பாட்டி இருக்கிறார். சொன்ன நேரத்துக்கு நீங்கள் வந்து நிற்பதுதான் பாடம்.

படி 2: முதல் வருடம், பிள்ளைக்கு மனம் இருக்கிறது என்று நம்பிப் பேசுங்கள்

"பேசவே தெரியாத பிள்ளையிடம் என்ன பேசுவது?" என்று இளம் அப்பாக்கள் கேட்கிறார்கள். நம் பாட்டிகள் கேட்டதே இல்லை. தாலாட்டு என்பதே அழுகிற பிள்ளையிடம் அழுகைக்குக் காரணம் விசாரிக்கிற பாட்டுத்தான். பதில் சொல்ல மாட்டாது என்று தெரிந்தும், அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று மதித்துக் கேட்பது.

பிரிட்டனில் எலிசபெத் மைன்ஸ் இதை அளந்து பார்த்தார். ஆறு மாதப் பிள்ளையோடு அம்மா விளையாடுவதைப் பதிவு செய்து, பிள்ளையின் மனத்தைப் பற்றி எத்தனை முறை பேசுகிறார், அது பிள்ளை செய்துகொண்டிருப்பதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்தார். பொருத்தமாகப் பேசிய அம்மாக்களின் பிள்ளைகளிடம் ஒரு வயதில் பாதுகாப்பான ஒட்டுதல் அதிகம் இருந்தது. நான்கு வயதை ஒட்டி, பிறர் மனத்தைப் பற்றிய சோதனைகளிலும் அவர்கள் மேலாகச் செய்தார்கள்.

'பொருத்தமாக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம்.

ஏழு மாதப் பிள்ளை பாயில் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் கம்பி வழியாக விழும் வெயில் தரையில் கோடு கோடாக ஆடுகிறது. பிள்ளை ஒரு கோட்டின் மேல் கையை வைக்கிறது. கோடு கையின் மேல் ஏறிக்கொள்கிறது. கையை எடுத்துப் பார்க்கிறது, மறுபடி வைக்கிறது. புருவம் சுருங்குகிறது. அப்போது அம்மா வந்து, "போரடிக்குதா கண்ணு? வா, பந்து விளையாடலாம்" என்று தூக்கினால், அதுவும் மனத்தைப் பற்றிய பேச்சுத்தான். ஆனால் தப்பான மனம். பிள்ளைக்குப் போரடிக்கவில்லை, அது மும்முரமாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, "அட, கைமேல ஏறிடுச்சா! புடிக்கலாம்னு பார்க்கிறியா? என்னான்னு புரியலையா?" என்றால், பிள்ளையின் உள்ளே நடப்பதும் வெளியே கேட்கும் சொல்லும் ஒன்றாகச் சேர்கின்றன. இப்படி ஆயிரம் முறை சேர்ந்த பிறகுதான் 'புரியவில்லை' என்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று பிள்ளைக்குத் தெரியவரும்.

செய்ய வேண்டியதும் அதுவே. பேசும் முன் கொஞ்சம் பொறுங்கள். பிள்ளையின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கண் போன இடத்துக்கு உங்கள் சொல் போகட்டும். தப்பாகச் சொன்னால் பரவாயில்லை, "ஓ, பசி இல்லையா? அப்ப தூக்கமா?" என்று திருத்திக்கொள்ளுங்கள். எல்லா அழுகைக்கும் "பசிக்குது" என்று பால் புட்டியை நீட்டுவதுதான் நான் அதிகம் பார்ப்பது. பயமும் பசி, கோபமும் பசி, தூக்கமும் பசி என்றால் பிள்ளை பாவம்.

படி 3: ஒன்றரை முதல் இரண்டரை வயது வரை, ஆசையைப் பேசுங்கள்

நியூசிலாந்தில் மெலே டவ்மோபியாவும் டெட் ரஃப்மனும் செய்த ஆய்வில் ஒரு நுட்பமான விஷயம் தெரிந்தது. 15 மாதத்தில் அம்மா பிள்ளையின் ஆசையைப் பற்றிப் பேசினால், இரண்டு வயதில் பிள்ளை மனம் சார்ந்த சொற்களை அதிகம் பயன்படுத்துகிறது. இரண்டு வயதுக்குப் பிறகு, பிறர் நினைப்பதையும் அறிவதையும் பற்றிப் பேசுவது கூடுதல் பலன் தருகிறது. முதலில் 'உனக்கு என்ன வேணும்', அப்புறம் 'அவங்க என்ன நினைக்கிறாங்க'. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து ஒரு படி மேலே பேச வேண்டும், ஐந்து படி மேலே அல்ல.

ஆசையைப் பேசுவதற்கு நம் ஊரில் டுரியான் சீசனைவிட நல்ல நேரம் இல்லை. அப்பாவுக்கு உயிர், அம்மா வாசனை வந்தாலே மூக்கைப் பொத்துவார், பிள்ளை நடுவில் இருக்கிறது. "அப்பாவுக்கு டுரியான் ரொம்பப் பிடிக்கும். அம்மாவுக்குப் பிடிக்கவே பிடிக்காது. உனக்கு? ஓ, உனக்கு ரம்புத்தான்தான் வேணுமா!" என்று சொன்னாலே போதும். ஒரே பழம், மூன்று மனம்.

மறுக்கும்போதும் ஆசையைச் சொல்லிவிட்டு மறுங்கள். பாசார் மாலம் என்ற இரவுச் சந்தையில் பலூன் கேட்டுத் தரையில் புரளும் பிள்ளையிடம், "சும்மா இரு, மானம் போகுது" என்றால் அது உங்கள் மனத்தைப் பற்றிய பேச்சு. "உனக்கு அந்தச் சிவப்பு பலூன் வேணும், ரொம்ப ஆசையா இருக்கு. இன்னைக்கு வாங்கல. அதான் கோபம் வருது" என்றால் அது பிள்ளையின் மனத்தைப் பற்றியது. உடனே அழுகை நிற்காது. ஆனால் தன்னைப் போட்டு ஆட்டுவதற்கு ஒரு பெயர் உண்டு என்று அது அறிகிறது.

படி 4: இரண்டரை முதல் ஐந்து வரை, நினைப்பையும் தெரிவதையும் பேசுங்கள்

இந்தக் காலத்துக்குத்தான் ஆய்வுச் சான்று மிகவும் வலுவாக இருக்கிறது. 1991-இல் ஜூடி டன்னும் அவரது குழுவினரும் 50 பிள்ளைகளை 33 மாத வயதில் வீட்டில் கவனித்து, ஏழு மாதம் கழித்துச் சோதித்தார்கள். உணர்வுகளையும் அவற்றின் காரணங்களையும் அதிகம் பேசிய வீட்டுப் பிள்ளைகள் பிறர் மனத்தை மேலாகப் புரிந்துகொண்டார்கள். சரி, கெட்டிக்காரப் பிள்ளையாக இருப்பதால்தான் அம்மா அப்படிப் பேசுகிறாரோ? இந்தச் சந்தேகத்தை 2002-இல் ரஃப்மன் குழு தீர்த்தது. ஓராண்டில் மூன்று முறை பார்த்ததில், அம்மாவின் பேச்சு முன்னால் போனது, பிள்ளையின் புரிதல் பின்னால் வந்தது. பிள்ளையின் புரிதல் அம்மாவின் பிந்தைய பேச்சை முன்கூட்டிக் காட்டவில்லை.

பேச்சு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் சான்று உண்டு. காது கேளாத பிள்ளைகளில், கேட்கும் பெற்றோருக்குப் பிறந்து சைகை மொழியைத் தாமதமாகக் கற்றவர்கள் இந்தச் சோதனைகளில் பல ஆண்டுகள் பின்தங்குகிறார்கள். காது கேளாத பெற்றோரின் மடியில் பிறந்த நாள் முதல் சைகை மொழியில் வளர்ந்த பிள்ளைகள் பின்தங்குவதில்லை. குறைவு காதில் இல்லை, உரையாடலில்தான் இருந்தது.

எப்படிப் பேசுவது? ஜெர்மனியில் ஹைடமாரி லோமனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2003-இல் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தால் ஒன்று, உண்மையில் வேறொன்று என்று இருக்கும் பொருட்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். 'என்று நினைத்தாய்', 'என்று தெரியும்' என்கிற மாதிரி வாக்கியங்களோடு அந்தப் பொருட்களைப் பற்றிப் பேசிய குழுதான் அதிகம் முன்னேறியது. பொருளைச் சும்மா காட்டிய குழு முன்னேறவில்லை.

அந்த மாதிரிப் பொருள் நம் வீட்டில் இல்லாமல் இல்லை. அடுப்படியில் இருக்கும் பழைய மைலோ டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டத்து வீட்டிலும் அதற்குள் மைலோ இருக்காது. முறுக்கு இருக்கும், இல்லையென்றால் பட்டனும் ஊசியும் நூலும்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"மைலோ!"

திறந்து காட்டுங்கள். முறுக்கு. பிள்ளை சிரிக்கும். மூடிவிடுங்கள்.

"திறக்கிறதுக்கு முன்னாடி இதுக்குள்ள என்ன இருக்குன்னு நீ நினைச்ச?"

மூன்று வயதுப் பிள்ளை அடித்துச் சொல்லும்: "முறுக்கு." அரை நிமிடத்துக்கு முன் தான் நினைத்தது அதற்கு எட்டாது. இந்த இடத்தில், "இல்ல, தப்பு, நீ மைலோன்னுதானே சொன்ன!" என்று பரீட்சை நடத்தாதீர்கள். மெதுவாகச் சொல்லுங்கள்: "நீ மைலோ இருக்குன்னு நினைச்ச. வெளியில மைலோ படம் போட்டிருக்குல்ல, அதான். திறந்து பார்த்ததும் முறுக்குன்னு தெரிஞ்சுக்கிட்ட."

அப்புறம் அடுத்த கேள்வி. "தாத்தா இன்னும் உள்ள பார்க்கல. டின்ன காட்டினா தாத்தா என்னன்னு நினைப்பாரு?" இதற்கும் "முறுக்கு" என்றுதான் பதில் வரும். சரி, தாத்தாவையே கூப்பிட்டுக் கேளுங்கள். தாத்தா "மைலோ" என்று சொல்லி, திறந்து பார்த்து, "ஐயோ, ஏமாந்துட்டேனே!" என்று தலையில் கை வைக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அடுத்த வாரம் அதே டின்னோடு அத்தையை ஏமாற்றக் கிளம்பிவிடும்.

நாள் முழுக்க இதற்கு வாய்ப்பு வரும். மழை வராது என்று நினைத்து அப்பா துணியைக் காயப்போட்டுவிட்டுப் போனார். சாவி பையில் இருக்கிறது என்று அம்மா நினைத்தார், அது மேசை மேல் இருந்தது. நாம் இதையெல்லாம் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறோம். வாய்விட்டுச் சொல்லுங்கள், போதும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வரம் உண்டு. பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மாவிடம்) மலாய், கடைக்காரரிடம் பாதி மலாய் பாதி ஆங்கிலம், பாட்டியிடம் தமிழ் என்று மூன்று வயதிலேயே மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள். யாருக்கு எது புரியும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் இது முடியாது. "மக்சிக்குக்குத் தமிழ் தெரியாதில்ல, அதான் நீ மலாய்ல கேட்ட" என்று சொல்லிக் காட்டுங்கள். பிள்ளைக்குக் குழப்பம் வரும் என்று பயந்து வீட்டில் தமிழை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மனத்தைப் பற்றிய நுட்பமான பேச்சு நமக்கு எந்த மொழியில் சரளமாக வருமோ, அந்த மொழியில்தான் பிள்ளைக்குக் கிடைக்கும்.

படி 5: சண்டையிலும் கண்டிப்பிலும் மனத்தைக் கொண்டுவாருங்கள்

அண்ணன் தம்பி சண்டை தொல்லைதான், ஆனால் அதில் பாடமும் உண்டு. 1994-இல் பெர்னர், ரஃப்மன், லீக்கம் ஆகியோர் உடன்பிறந்தவர்கள் அதிகம் உள்ள பிள்ளைகள் தவறான நம்பிக்கைச் சோதனையில் முந்துவதாகக் கண்டார்கள். ஒற்றைப் பிள்ளை வீடுகள் பெருகிவிட்ட தாமான் குடியிருப்புகளில் சித்தப்பா பிள்ளை, பெரியம்மா பிள்ளைகளோடு விளையாட விடுவது இதற்காகவும் நல்லது.

1999-இல் ரஃப்மன், பெர்னர், பார்க்கின் ஆகியோர் கேட்ட கேள்வி நமக்கு நேராகப் பொருந்தும்: பிள்ளை இன்னொரு பிள்ளையை அடித்துவிட்டால் அம்மா என்ன செய்வார்? அடிபட்ட பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க வைத்த அம்மாக்களின் பிள்ளைகளுக்குப் பிறர் மனம் நன்றாகப் புரிந்தது.

நாம் என்ன செய்கிறோம்? "போலீஸ் புடிச்சிட்டுப் போயிடும்." "மாமா வந்தா தோலை உரிச்சிடுவாரு." இல்லையென்றால் ரோத்தான் பிரம்பை எடுத்துக் காட்டுகிறோம். பிள்ளை நின்றுவிடும். ஆனால் அதன் மனத்தில் அப்போது போலீஸும் ரோத்தானும்தான் இருக்கும், அழுகிற தம்பி இருக்க மாட்டான்.

இப்படி முயன்று பாருங்கள். முதலில் சண்டையை விலக்கிவிட்டு, சூடு தணியட்டும். அப்புறம், "தம்பி முகத்தைப் பாரு. எப்படி இருக்கான்?" பிறகு, "அவன் ஏன் சைக்கிளைப் புடுங்கினான்னு நினைக்கிற?" "நீ இறங்கி வந்ததும் விளையாடி முடிச்சிட்டேன்னு அவன் நினைச்சிட்டான். நீ தண்ணி குடிக்கத்தான் வந்த, அது அவனுக்குத் தெரியாது." பாதிச் சண்டைகள் இப்படித்தான், இரண்டு பேரும் வேறு வேறு நினைத்ததால் வந்தவை. இரண்டு பேர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரியவனிடம் மட்டும், "நீதான விட்டுக்கொடுக்கணும்" என்றால் அவன் மனத்தை யாரும் பார்க்கவில்லை என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான்.

படி 6: கதை நேரம்

தினம் கொஞ்ச நேரம் போதும். படம் போட்ட புத்தகம் இருந்தால் நல்லது, பாட்டியின் கதை இருந்தாலும் அதே அளவு நல்லது. வடை சுட்ட பாட்டி, காக்கா, நரி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நரிக்கு வடை வேண்டும். காக்கா, நரி தன் பாட்டைக் கேட்க ஆசைப்படுகிறது என்று நினைக்கிறது. கதை முழுக்க மனம்தான் ஓடுகிறது. பாலர் பள்ளியில் கேட்டு வரும் சாங் கஞ்சில் என்ற சருகுமானின் கதையும் அப்படியே. ராஜா எண்ணச் சொன்னார் என்று சருகுமான் சொன்னதை நம்பி முதலைகள் வரிசையாக நிற்கின்றன, அது முதுகில் தாவித் தாவி ஆற்றைக் கடந்துவிடுகிறது.

கதையின் முடிவில், "இதுல இருந்து என்ன தெரியுது?" என்று நீதி கேட்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். நடுவில் நிறுத்தி, "முதலைக்கு என்ன தெரியாது?" "சருகுமானுக்கு உள்ளுக்குள்ள பயமா இருந்திருக்குமா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நீங்களே சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

கைப்பேசியில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தால் அதே கதை ஓடும், ஆனால் நிறுத்திக் கேட்க ஆள் இல்லை. கூடவே உட்கார்ந்து பார்த்தால் அதுவும் கதை நேரம்தான்.

படி 7: முறிந்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு இதெல்லாம் எல்லா நேரமும் முடியாது. முடிய வேண்டியதும் இல்லை. எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த சோதனையில் அம்மா சிறிது நேரம் முகத்தில் அசைவே இல்லாமல் இருந்தார். பிள்ளை சிரித்தது, கை நீட்டியது, பிறகு வாடித் திரும்பிக்கொண்டது. அம்மா மறுபடி பேசத் தொடங்கியதும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இயல்பான விளையாட்டில்கூட அம்மாவும் பிள்ளையும் அடிக்கடி தவறவிடுகிறார்கள், மறுபடி சேர்கிறார்கள் என்று அவர் காட்டினார்.

கத்திவிட்டீர்களா? தணிந்ததும் போய் உட்காருங்கள். "அம்மாவுக்கு ரொம்பக் களைப்பு, அதான் கத்திட்டேன். நீ பயந்துட்ட. உன்மேல வெறுப்பு இல்ல." பெரியவர் பிள்ளையிடம் இப்படிச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று தாத்தாக்கள் நினைக்கலாம். ஆனால் உள்ளே இருப்பதும் வெளியே தெரிவதும் வேறாக இருக்கலாம் என்ற கடைசிப் பாடத்தைப் பிள்ளை இங்கேதான் கற்கிறது. குழந்தை பிறந்த பிறகு வாரக்கணக்கில் மனம் இருண்டே இருக்கிறது, பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை என்றால், அது களைப்பு மட்டும் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் தாதியிடம் சொல்லுங்கள். அதற்கு மருத்துவம் இருக்கிறது.

எப்போது கிளினிக்கில் காட்ட வேண்டும்

வீட்டுப் பேச்சு எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் அதன் பங்கு மிதமானதுதான். சில பிள்ளைகளுக்கு வேறு காரணம் இருக்கும். 1985-இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் ஆகியோர் தவறான நம்பிக்கைச் சோதனையை ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளிடம் செய்தபோது 16 பேரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். ஆட்டிசம் அம்மா பேசாததால் வருவதில்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே அம்மாக்களைக் குற்றம் சொன்னார்கள், அது தவறு என்று எப்போதோ நிரூபணமாகிவிட்டது. உறவில் யாராவது இன்னமும் அப்படிச் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஒன்றரை வயதில், பிடித்ததை விரலால் சுட்டிக் காட்டுகிறதா, நீங்கள் காட்டும் பக்கம் திரும்பிப் பார்க்கிறதா, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்கிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால், "பையன்தானே, லேட்டாப் பேசுவான்" என்று விட்டுவிட வேண்டாம். முதலில் காது சோதனை. கிளினிக்கில் 18 மாதப் பரிசோதனையின்போது இதற்கென்றே ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது, பிள்ளையின் ரெக்கோர்ட் புத்தகத்தோடு போய்க் கேளுங்கள். போகும்போது பாட்டியையும் கூட்டிப்போங்கள். பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பவர் அவர்தான். தாதி கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவரால்தான் பதில் சொல்ல முடியும்.